மச்சான் என்று கூப்பிடப்போகும் மகனுக்கு

மகனே,

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை. கும்மிடிப்பூண்டி ஹைஸ்கூலில் நாலாம் பாரம், அதாவது ஒன்பதாவது, படிக்கிறேன். பள்ளிக்கூட அலமாரியில் பெரியவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாக இருக்கின்றன. படித்திருக்கிறேன். அவர்களுக்கெல்லாம் பிள்ளைகள் இருந்தார்கள், புத்தி சொல்லும் வயதும் இருந்தது. எனக்கு இரண்டும் இல்லை. ஆனால் இன்று நடந்ததைச் சொல்ல வேறு ஆளும் இல்லை. அம்மாவிடம் சொன்னால் அழுவாள். நைனாவிடம் சொன்னால் இப்போதே எழுந்து பட்டாமணியார் வீட்டு வாசலில் போய்க் கும்பிட்டு நிற்பார். கூடப் படிக்கும் பெண்களிடம் சொன்னால் நாளைக் காலை பாசஞ்சர் வண்டி முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் விளக்கின் திரியைச் சிறிதாக்கிக்கொண்டு, மற்றவர்கள் தூங்கும்போது, உனக்கு எழுதுகிறேன்.

இன்று சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கி வரும் வழியில், பட்டாமணியாரின் மகனிடம் ஒரு பதில் சொல்லிவிட்டேன். பட்டாமணியார் என்றால் எங்கள் ஊரில் வரி வசூலிப்பவர், வழக்குத் தீர்ப்பவர், நைனாவும் அம்மாவும் வேலை செய்யும் நிலத்துக்குச் சொந்தக்காரர், எல்லாம் அவர்தான். என் பதில் அவர் காதுக்குப் போனால் என் அண்ணன், அதாவது உன் மாமன், ஊருக்குத் திரும்பி வர முடியாமல் போகலாம். வைகாசி முடிந்ததும் வரலாம் என்று சொல்லித்தான் அவனை அனுப்பியிருக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அம்மா சாப்பிடுகிறாள். அதை நான் கெடுத்துவிட்டேனா என்று எனக்குத் தெரியவில்லை. என்ன பதில் சொன்னேன் என்பதைப் புரியவைக்க வேண்டுமானால், இவ்வளவுக்கும் காரணமான மச்சான் என்ற சொல்லிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு மகளுக்கு எழுதலாமே என்றுகூடத் தோன்றியது. ஆனால் மகள் யாரையும் வழியில் நின்று மச்சான் என்று கூப்பிடமாட்டாள். நீதான் கூப்பிடுவாய். அதனால் நீதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான் சின்னவளாக இருந்தபோது எங்கள் வீட்டில் மச்சான் என்றால் ஒரே ஒருவர்தான். அம்மாவின் தம்பி. தேர்வாய் கிராமத்திலிருந்து வருவார். அவர் நைனாவை மச்சான் என்பார், நைனா அவரை மச்சான் என்பார். ஒருவர் வீட்டுப் பெண்ணை மற்றவர் கட்டியதால் வந்த சொல் அது. சொல்லுக்கு நடுவில் அம்மா நின்றாள். இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. ஒரு வெள்ளாட்டுக் குட்டி யாருக்கு என்று ஆரம்பித்த சண்டையில் வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்தவர்கள். ஆனால் நைனாவின் அப்பா செத்துப்போனபோது மழையில் நனைந்துகொண்டே சோற்றுப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு மாமாதான் நடந்து வந்தார். சாவு வீட்டில் அடுப்பு எரியாது. மாமன் மச்சான் வீட்டிலிருந்துதான் சோறு வர வேண்டும். பானையை இறக்கிவைத்துவிட்டு, "எந்திரி மச்சான். நீ துன்னாத்தான் கொயந்திங்க துன்னும்" என்றார். நைனா எழுந்து சாப்பிட்டார். மறுநாள் மாமா ஊருக்குத் திரும்பிவிட்டார். ஆட்டுக்குட்டிச் சண்டை அப்படியேதான் இருந்தது. மச்சான் என்றால் பிடித்தவன் என்று அர்த்தமில்லை, வந்தே தீர வேண்டியவன் என்று அர்த்தம் என நான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் பெயர் மாசிலாமணி. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு எளாவூர் செக்போஸ்ட் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தான். ஆந்திரா பிரிந்த பிறகு வந்த செக்போஸ்ட் அது. லாரிகள் வரிசையாக நிற்கும். அரிசி இருக்கிறதா, சாராயம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். காத்திருக்கும் டிரைவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, கண்ணாடி துடைத்து, கடைசியில் ஒரு லாரியிலேயே கிளீனராக ஏறிக்கொண்டான். மெட்ராஸ் போய் முதல் தடவை திரும்பி வந்தபோது காக்கி அரை டிராயரும் இந்தச் சொல்லும் கொண்டுவந்தான். சாப்பிட உட்கார்ந்தவன், "நம்ம மச்சான் ஒருத்தன் கீறான்மா கொத்தவால் சாவடியில. மூட்ட தூக்குவான் பாரு, ஒத்த ஆளா" என்றான்.

அம்மா குழம்புக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு, "எந்த ஊட்டு மச்சான்டா? நாம யாருக்குப் பொண்ணு குடுத்தோம்?" என்று கேட்டாள்.

"அது மெட்ராஸ் மச்சான்மா. பொண்ணெல்லாம் குடுக்கத் தேவையில்ல. பீடி குடுத்தா போதும்."

நைனாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டு, "அத அங்கயே வுட்டுட்டு வா. இங்க வாயில வராத பாத்துக்க" என்றார்.

அந்தச் சொல் எப்படி அங்கே மாறியது என்று அண்ணனிடம் பல தடவை கேட்டிருக்கிறேன். சந்தையில் யார் யாரையெல்லாம் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிக் காட்டுவான். வழி கேட்க மச்சான், தீப்பெட்டி கேட்க மச்சான், காலை மிதித்துவிட்டால் அதற்கும் மச்சான், சண்டை போடும்போது சட்டையைப் பிடித்துக்கொண்டு கூப்பிடுவதும் மச்சான்தானாம். முகம் தெரியாதவனைக்கூடக் கூப்பிடுவார்களாம். எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. அதற்குப் பிறகு அவன் சொன்ன ஒரு விஷயம் வேடிக்கையாக இல்லை. மூட்டை தூக்குகிற ஒருவர் மூட்டையோடு சரிந்து அங்கேயே செத்துப்போனார். வடக்கே எங்கிருந்தோ வந்தவர். குடிசையில் பெண்சாதியும் கைக்குழந்தையும். அக்கம்பக்கத்தில் சொந்தம் என்று ஒருவரும் இல்லை. அன்று அவரோடு மூட்டை தூக்கியவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் காய் பொறுக்கி, சோறு வடித்து, குடிசைக்குக் கொண்டுபோனார்களாம். அந்தப் பெண், "நீங்க யாரு?" என்று கேட்டிருக்கிறாள். முன்னால் நின்றவர், "மச்சான்மாருங்கம்மா" என்றாராம். அண்ணன் இதைச் சொல்லிவிட்டு, "அங்க எல்லாரும் ஒத்த ஆளா வந்தவன் பாப்பா. செத்தா சோறு கொண்டாரவன் வேணும்ல. அதான் பக்கத்துல படுத்தவன அப்டி கூப்ட்டு வச்சிக்கிறான்" என்றான். அந்தச் சொல் பிறந்தது அப்படித்தானா என்று என்னால் சொல்ல முடியாது. எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. ஆனால் எனக்கு அது போதுமானதாக இருந்தது.

எல்லோரும் அப்படி நினைப்பதில்லை. பழவேற்காட்டிலிருந்து கருவாடு ஏற்றிவரும் பாய் ஒருவர் உண்டு. அண்ணன் வேலை செய்யும் லாரியில்தான் அவர் சரக்கு போகும். சனிக்கிழமைகளில் அரைநாள் பள்ளிக்கூடம். ரயிலை விட்டு இறங்கி, பெரிய ரோட்டு டீக்கடையில் அண்ணனுக்காகக் காத்திருப்பேன். ஒரு நாள் கிளீனர்கள் இரண்டு பேர் மச்சான் மச்சான் என்று ஒருவரை ஒருவர் கூவிக்கொண்டிருந்ததைப் பாய் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னாப்பா பேஜாரா கீது. எங்க ஊட்டுப் பொம்பளைங்க புருசன மச்சான்னு கூப்புடுவாங்க. நீங்க ரெண்டு ஆம்பளைங்க கூப்ட்டுக்கிறீங்க. நாளைக்கி எங்க வூட்ல கூப்டா நான் திரும்பிப் பாக்கறதா வேணாமா?" என்றார். டீக்கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் அண்ணனைப் பார்த்து, "இந்தாப்பா, அது ஊட்டுக்குள்ள இருந்த வார்த்த. ரோட்டுக்கு கொண்டாந்துட்டீங்க. ரோட்டுல வெச்ச பொருள எவனும் எடுப்பான், சாக்கிரதயா இரு" என்றார். அண்ணன் தலையாட்டினான். காதில் வாங்கிக்கொண்டானா என்பது வேறு.

பட்டாமணியார் மகன் சாரதி அண்ணனோடு எட்டாவது வரை ஒரே வகுப்பு. அவர் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, அப்பாவுக்குப் பிறகு பட்டாமணியம் தனக்குத்தான் என்று தெரிந்துகொண்டு, சைக்கிளில் சுற்றிவந்தார். அவருக்கு லாரி மேல் ஆசை. டீக்கடைக்கு வருவார். ஊருக்குள் எங்களுக்குக் கொட்டாங்குச்சியில் ஊற்றுவார்கள். பெரிய ரோட்டில் எல்லோருக்கும் ஒரே கிளாஸ். அந்த ஒரே கிளாஸில் இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் குடித்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மச்சான் என்ற சொல் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. புதுச் சட்டை போட்டவர் மாதிரி சும்மாவே சொல்லிக்கொண்டிருப்பார். அண்ணனும் சொன்னான். ஆனால் அவர்களுக்குள் ஒரு கணக்கு இருந்தது. தார் ரோட்டில் மச்சான். எங்கள் ஊருக்குப் பிரியும் மண் ரோட்டில் கால் வைத்ததும் அண்ணன் அவரைச் சின்னவரே என்பான், அவர் அண்ணனைப் பேர் சொல்லாமல் ஏய் என்பார். யாரும் பேசி வைத்துக்கொண்டதில்லை. செக்போஸ்டில் லாரி தானாக நிற்பதுபோல அந்தச் சொல் அங்கே நின்றுவிடும். எனக்கு அப்போது அது ஒரு விளையாட்டு மாதிரித்தான் இருந்தது. இந்த இடத்தில் மாறும் பார் என்று எனக்குள் எண்ணிக்கொண்டே பின்னால் நடப்பேன்.

பங்குனியில் ஒரு நாள், மூன்று பேரும் மண் ரோட்டில் வந்துகொண்டிருந்தோம். ஏரிக்கரை திருப்பத்தில் சாரதியின் சைக்கிள் சங்கிலி கழன்றுவிட்டது. அண்ணன் மண்டிபோட்டு மாட்டிக்கொண்டிருந்தான். கை முழுக்கக் கறுப்பு மசகு. சங்கிலி ஏறவே இல்லை. சாரதி, "வுடு மச்சான், தள்ளிக்கினே போலாம்" என்றார். மண் ரோட்டில் அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அண்ணன் தலை நிமிராமல், "இரு மச்சான், ஆயிடுச்சி" என்றான். அவ்வளவுதான். பனைமரத்துக்கு அந்தப் பக்கம் பண்ணை மேஸ்திரி நின்றுகொண்டிருந்ததை நாங்கள் மூவருமே பார்க்கவில்லை. அவர் இரண்டையும் கேட்டார். ஊருக்குள் போய் ஒன்றைத்தான் சொன்னார்.

சாரதிக்குக் கமலா என்று ஓர் அக்கா உண்டு. ஆரணியில் மாப்பிள்ளை பார்த்து, வைகாசியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. சேரிப் பையன் பட்டாமணியார் மகனை மச்சான் என்கிறானாம் என்ற பேச்சு ஆரணி வரைக்கும் போய், அவர்கள் என்னவென்று கேட்டு ஆள் அனுப்பினார்கள். அவர்களுக்கும் இந்தக் காலத்துப் பையன்கள் எப்படிக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள் என்று தெரியும். பட்டாமணியாருக்கும் தெரியும். அவரே ஒரு தடவை பெரிய ரோட்டில் டிரைவர் ஒருவரை அப்படி விளித்துச் சிரித்துப் பேசியதை அண்ணன் பார்த்திருக்கிறான். யாருக்கும் தெரியாத விஷயம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் மறுநாள் ஊர் வழக்குப் பேசும் சாவடிக்கு எங்கள் வீட்டார் எல்லோரும் வர வேண்டும், பள்ளிக்கூடம் போகிற பெண்ணும் வர வேண்டும், ஏரிக்கரையில் கூட நின்றவள் அவள்தான் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனது.

அன்றைக்கு நைனா எனக்குச் சொல்லிக்கொடுத்தார். "காத்து அடிச்சிது, ஒண்ணும் காதுல வுழலன்னு சொல்லு. அதுக்கு மேல வாய தொறக்காத."

அம்மா மூலையில் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். "அவுரு புள்ளதான மொதல்ல கூப்டுச்சி?"

"யாரு கூப்டா இன்னா? கேக்கற எடத்துல அவங்க கீறாங்க."

"அதத்தான் நானும் கேக்கறேன். எம்புள்ள கூப்டா அவங்க பொண்ணுக்கு கொறச்சல். அவங்க புள்ள எம்புள்ளய கூப்டுச்சே, எங்கூட்லயும் ஒரு பொண்ணு குந்தினுதான கீது? அது யாரு கண்ணுக்கும் தெரியலியா?"

"வாய மூடு" என்றார் நைனா. சத்தமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார்.

அம்மா சொன்னதும்தான் எனக்கே உறைத்தது. மச்சான் என்று இரண்டு ஆண்கள் கூப்பிட்டுக்கொள்ளும்போது நடுவில் ஒரு பெண் நிற்கிறாள். பெயர் சொல்லாமல், முகம் காட்டாமல் நிற்கிறாள். நைனாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் அம்மா நின்ற மாதிரி. சாரதி அண்ணனைக் கூப்பிட்டபோதெல்லாம் அங்கே நின்றவள் நான்தான். டீக்கடையில் எத்தனையோ தடவை நான் பக்கத்திலேயே பன் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் என்னை நினைத்துச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அண்ணனும் கமலா அக்காவை நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் கமலா அக்கா நிற்பது ஆரணி வரைக்கும் தெரிந்தது. நான் நிற்பது எங்கள் நைனாவுக்குக்கூடத் தெரியவில்லை. இதை நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். காலையில் எழுந்தபோது, காற்று அடித்தது என்று சொல்லப்போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

சாவடி மேடையில் பட்டாமணியார் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சாரதி தூணுக்குப் பின்னால் நின்றார். நாங்கள் கீழே தரையில். பட்டாமணியார் அதட்டவே இல்லை. "ஏ பொண்ணு, நீ படிக்கிறவ. பொய் சொல்ல மாட்ட. ஏரிக்கரையில யாரு மொதல்ல கூப்டது?" என்று நிதானமாகக் கேட்டார். "சின்னவருதான் ஆண்டே மொதல்ல கூப்டாரு. எங்கண்ணன் பதிலுக்கு கூப்டுச்சு" என்றேன். நைனா என் பக்கத்தில் மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது. பட்டாமணியார் திரும்பாமலேயே, "சாரதி, இன்னாடா?" என்றார். சாரதி தூணில் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் காத்திருந்தோம். அவர் வாயைத் திறப்பார் என்றுதான் நான் நினைத்தேன். அப்போது பின்னாலிருந்து அண்ணன் முன்னே வந்தான்.

"இல்ல ஆண்டே. பாப்பா பயந்துகினு மாத்தி சொல்லுது. நாந்தான் மொதல்ல கூப்டேன். லாரியில கூப்ட்டு கூப்ட்டு வாயில வந்துடுச்சி. தப்புதான்." சொல்லிவிட்டுத் தரையில் விழுந்தான். மண் ஒட்டிய மார்போடு எழுந்து நின்றான்.

கமலாவின் கல்யாணம் முடியும்வரை அவன் ஊருக்குள் கால் வைக்கக் கூடாது, அதற்குப் பிறகு வரலாம் என்றார் பட்டாமணியார். அது பெரிய தண்டனை இல்லை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நைனா கும்பிட்டார். கலைந்து போகும்போது ஒருவர், "படிக்கிற பொண்ணே பொய் சொல்லுது, படிக்காதது இன்னா பண்ணும்" என்றார். அன்றிலிருந்து எங்கள் தெருப் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் மாத்திச்சொல்லி. ரயிலுக்குப் போகும்போதும் வரும்போதும் கூப்பிடுகிறார்கள்.

அண்ணனைப் பெரிய ரோடு வரைக்கும் நான்தான் கொண்டுபோய் விட்டேன். அவன் துணிமூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். ஏரிக்கரை தாண்டியதும் கேட்டேன்.

"ஏண்ணா அப்டி சொன்ன?"

"அவனால அவுங்க அப்பா முன்னால பேச முடியாது பாப்பா. உனக்குத் தெரியாது. நாம சொல்லிட்டா முடிஞ்சிரும்னு பாத்தேன். முடிஞ்சிதா இல்லியா?"

"நான் சொன்னது நெஜம்தான?"

"நெஜம்தான். யாரு இல்லன்னாங்க."

"நீதான் இல்லன்ன. ஊருக்கு முன்னால."

அவன் மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டான். "அவன் என் மச்சான் பாப்பா. இன்னா பண்ணச் சொல்ற?"

"நான் யாரு?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். என் தலையில் கையை வைத்து ஆட்டினான். "நீ என் தங்கச்சி. இதெல்லாம் ஒரு கேள்வியா" என்றான். அவன் அன்போடுதான் சொன்னான். ஆனால் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. தங்கச்சி என்பதால்தானே இவ்வளவும். அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்கவில்லை. நடுவில் நின்றவளைத்தான் விட்டுக்கொடுத்தார்கள். லாரி வந்தது. ஏறிக்கொண்டான். கை காட்டினான். நானும் காட்டினேன். அவன் மேல் எனக்குக் கோபம் இருந்தது. லாரி கண்ணுக்கு மறைந்த பிறகும் நான் அங்கேயே நின்றேன். கோபம் இருக்கும் ஆளையே தேடிக்கொண்டு நிற்க முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இது நடந்தது பங்குனியில். இப்போது லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, கல்யாணத்துக்கு இன்னும் சில நாள்தான் இருக்கிறது. பட்டாமணியார் வீட்டில் பந்தலுக்குச் சவுக்குக் கழி இறங்கிவிட்டது. அம்மா அண்ணனுக்காக ஒரு கோழியைப் பிடித்து அடைத்துப் பார்த்துக்கொள்கிறாள். இன்று சாயங்காலம் நான் ஸ்டேஷனிலிருந்து மண் ரோட்டில் தனியாக வந்தேன். ஏரிக்கரைக்கு முன்னால் சாரதி சைக்கிளோடு நின்றிருந்தார். முன்னும் பின்னும் பார்த்தார். யாருமில்லை.

"ஏய் பொண்ணு. மச்சான் எப்ப வருவான்?" என்றார். சிரித்துக்கொண்டே கேட்டார். நன்றாக இருந்த நாட்களில் டீக்கடையில் கேட்பது போலவே கேட்டார். "பாத்தா நான் கேட்டேன்னு சொல்லு."

நான் தலையாட்டிவிட்டுப் போயிருக்க வேண்டும். அதைத்தான் நைனா சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் சுண்ணாம்பு சுரண்டும் அந்த நகம்தான் என் கண்முன் வந்தது. "எங்கண்ணனுக்குப் பேரு கீதுங்க. மாசிலாமணி" என்றேன். அதோடு நிறுத்தவில்லை. "சாவடியில வராத வார்த்த இங்க ஆளில்லாத எடத்துல எதுக்குங்க? என் காதுல அது வுழ வேணாம்" என்றேன்.

அவர் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. சைக்கிளின் கைப்பிடியைப் பார்த்தார். பிறகு, "மாசிலாமணி எப்ப வருவான்?" என்று கேட்டார். எட்டாவது வகுப்புக்குப் பிறகு அவர் வாயில் அந்தப் பேரை நான் கேட்டதில்லை. "வைகாசி முடிஞ்சிங்க" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே போனார். அது வெட்கமா, கோபமா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. வீட்டு வாசலில் புத்தகங்களைக் கீழே போட்டுவிட்டேன். அம்மா என்னவென்று கேட்டாள். புத்தகம் கனம் என்றேன்.

நான் சொன்னது சரியா என்று எவ்வளவு யோசித்தாலும் முடிவுக்கு வரவில்லை. நைனா சொல்லும் வழியில் பார்த்தால் பெரிய தப்பு. அண்ணன் தரையில் விழுந்து எழுந்து சம்பாதித்ததை நான் ஒரு நிமிஷத்தில் தொலைத்திருக்கிறேன். ஆனால் தலையாட்டிவிட்டு வந்திருந்தால், அந்தச் சொல்லுக்கு நடுவில் இன்னொரு தடவை பேசாமல் நின்றவளாகியிருப்பேன். அதையும் என்னால் தாங்க முடியாது என்று தோன்றுகிறது.

உனக்கு நான் சொல்ல வேண்டியது அதிகமில்லை மகனே. அந்தச் சொல்லே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நீ வளரும்போது எங்கள் மண் ரோடும் தார் ரோடாகியிருக்கலாம், எல்லோரும் எல்லோரையும் அப்படிக் கூப்பிடலாம், அதைக் கேட்டு யாரும் ஆள் அனுப்பாமல் இருக்கலாம். அப்படி ஆனால் எனக்குச் சந்தோஷம்தான். நீயும் கூப்பிடு. ஆனால் ஒருவனைக் கூப்பிட்டால் அவன் அப்பா முன்னாலும் கூப்பிடு, உன் அப்பா முன்னாலும் கூப்பிடு. அங்கே வாய் வராது என்று தோன்றினால் டீக்கடையிலும் கூப்பிடாதே, பேர் சொல்லிக் கூப்பிடு. உனக்காக ஒருவன் தரையில் விழ வந்தால் விழ விடாதே. நீ ஒருவனுக்காக விழப்போனால், உன் பக்கத்தில் உன் தங்கையோ அக்காவோ நிற்கிறாளா என்று முதலில் பார். அவள் அப்போதுதான் உண்மையைச் சொல்லி முடித்திருக்கக்கூடும்.

திரி கருகத் தொடங்கிவிட்டது. நைனா புரண்டு படுக்கிறார். காலையில் அவர் நிலத்துக்குப் போகும்போது, மேஸ்திரி அவரிடம் எப்போதும் போலப் பேசினால் சாரதி ஒன்றும் சொல்லவில்லை என்று அர்த்தம். வேறு மாதிரி இருந்தால் நான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்புவதற்குள் எல்லாம் தெரிந்துவிடும். இன்று ராத்திரி எனக்கு எதுவும் தெரியாது. நீ இதைப் படிக்கும்போது உனக்குத் தெரிந்திருக்கும். மாசிலாமணி என்று உனக்கு ஒரு மாமன் இருந்து, இந்த வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தால், அவனிடம் போய் நான் சொன்ன பதிலைச் சொல். அவன் சிரித்தானா என்று வந்து எனக்குச் சொல்.

உன்னைப் பெறப்போகும்
அம்மா